நெயில் கன் வாங்குகிறீர்களா? முதலில் ஆணியை முடிவு செய்யுங்கள்

முதன்முதலாக நெயில் கன் வாங்கும் பலர் கருவியைப் பார்த்து வாங்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆணி தேடக் கிளம்புகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான். ஆணிப் பட்டை 34 டிகிரி சாய்ந்து ஏறும் கன்னில் 21 டிகிரி ஆணி ஏறாது. மெல்லிய ஆணி அடிக்கும் பிராட் கன்னால் சட்டம் நிற்காது. மரத்துக்கு வாங்கியதைக் கான்கிரீட்டில் வைத்து அழுத்தினால் ஆணி திரும்பி வரும். ஆகவே வேலையை முதலில் பாருங்கள், அடுத்து ஆணியை, அதற்கப்புறம் கன்னை. கம்ப்ரஸரா (காற்றை அழுத்தித் தரும் இயந்திரம்) பேட்டரியா என்ற கேள்வி கடைசியில் வரட்டும்.

1. வேலையைக் காகிதத்தில் எழுதுங்கள்

"வீட்டு வேலைக்கு ஒரு கன் வேண்டும்" என்று கடையில் போய் நின்றால், அங்கே எது இருப்பில் இருக்கிறதோ அதுவே உங்களுக்குப் பொருத்தமானதாகிவிடும். அதற்கு முன்பே செய்யப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று விவரம் குறித்துக்கொள்ளுங்கள். எதை அடிக்கிறீர்கள், அதன் தடிமன் எவ்வளவு? எதன் மேல் அடிக்கிறீர்கள்? அந்த இணைப்பு எடை தாங்க வேண்டுமா, வெறுமனே இடத்தில் நின்றால் போதுமா?

இரண்டாவது கேள்வியில்தான் பலர் வழுக்குகிறார்கள். கடையில் தொங்கும் கன்களில் பெரும்பாலானவை மரத்தின் மேல் மரத்தை அடிக்கத்தான். செங்கல், கான்கிரீட் சுவரில் ரீப்பர் அடிக்க வேண்டுமென்றால் அது தனி வகை, கீழே வருகிறது. ஜிப்சம் போர்டுக்கு நெயில் கன்னே வேண்டாம். ஆணித் தலை மேல்தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும், அட்டை பிடிப்பில்லாமல் தொங்கும். அதற்கு ஸ்க்ரூதான்.

2. ஆணியின் நீளமும் தடிமனும்

மேலே இருக்கும் பலகையின் தடிமனைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளம் என்பது பழகிய கணக்கு. 18 மி.மீ. பலகை என்றால் 50 மி.மீ. ஆணி. மூன்றில் ஒரு பங்கு பலகைக்குள், மீதி அடியில் இருக்கும் மரத்துக்குள். அடிமரம் மெல்லியதாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, ஆணி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். இரண்டு தடிமன்களையும் கூட்டி அதிலிருந்து 4, 5 மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள்.

தடிமனை மெல்லிய ஆணிகளில் கேஜ் எண்ணால் சொல்கிறார்கள். எண் ஏற ஏற ஆணி மெலியும். 15 கேஜ் சுமார் 1.8 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ., 23 கேஜ் வெறும் 0.6 மி.மீ. சட்டம் அடிக்கும் பெரிய ஆணிகளுக்குக் கேஜ் பேச்சு இல்லை, நேரடி விட்டம்தான்: 2.9 முதல் 4.1 மி.மீ. வரை.

இதில் ஒரு கண்ணி. கையால் அடிக்கும் மூன்றரை அங்குல ஆணியின் விட்டம் 4.1 மி.மீ. கன்னில் ஓடும் அதே மாதிரி ஆணி பெரும்பாலும் 3.3 மி.மீ.தான், நீளமும் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். வரைபடத்தில் "இரண்டு ஆணி" என்று கை ஆணியை மனதில் வைத்து எழுதியிருந்தால், கன் ஆணியில் இரண்டு போதாது. பெட்டியின் மேல் உள்ள பெயரை நம்பாமல் நீளம், விட்டம் இரண்டையும் படியுங்கள். எடை தாங்கும் சட்டமென்றால் எத்தனை ஆணி, என்ன இடைவெளி என்பதை வடிவமைத்த பொறியாளரிடம் இந்த விட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

உலோகப் பூச்சும் முக்கியம். உள்ளறை வேலைக்குப் பூச்சில்லாத ஆணியோ மெல்லிய மின்பூச்சு ஆணியோ போதும். மழை படும் இடத்துக்குச் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்தது வேண்டும். கடற்காற்று அடிக்கும் இடத்தில் 316 தர ஸ்டெயின்லெஸ். செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரத்தில் மின்பூச்சு ஆணியை அடித்தால், வெளியே தலை பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தண்டை அரித்துவிடும். முக்கியெடுத்த பூச்சு அல்லது ஸ்டெயின்லெஸ் தவிர வேறு எதையும் அதில் அடிக்காதீர்கள்.

3. அந்த ஆணிக்கு எந்தக் கன்?

23 கேஜ் பின் கன்: தலையே இல்லாத ஊசி. மெல்லிய பீடிங் (ஓரத்தில் ஒட்டும் அலங்காரப் பட்டை), கோந்து காயும்வரை பிடித்து வைக்க வேண்டிய சின்னத் துண்டுகள். கோந்து இல்லாமல் இதை மட்டும் நம்பினால் கையால் இழுத்தாலே வந்துவிடும்.

18 கேஜ் பிராட் கன்: 15 முதல் 50 மி.மீ. வரை. பீடிங், அலமாரியின் பின்பலகை, 12 மி.மீ.க்கு உட்பட்ட ஓரப்பட்டைகள். துளை சிறியது, கொஞ்சம் பட்டி வைத்தால் மறைந்துவிடும்.

16 கேஜ் ஃபினிஷ் கன்: 25 முதல் 64 மி.மீ. ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் பட்டை), கதவு ஜன்னலைச் சுற்றிய பட்டை, படிக்கட்டுப் பலகை. உள்ளறை வேலைக்கு ஒரே ஒரு கன்தான் வாங்க முடியும் என்றால் இதையே சொல்வேன். பிராட் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இது செய்துவிடும், துளை மட்டும் சற்றுப் பெரிது. மெல்லிய பீடிங்கைப் பிளந்துவிடும் என்பதே இதன் குறை.

15 கேஜ் ஃபினிஷ் கன்: கனமான கதவு நிலை, வன்மர ஸ்கர்ட்டிங். இதன் மேகசின், அதாவது ஆணி நிரப்பும் பகுதி, சாய்ந்து இருப்பதால் மூலைக்குள் நுழையும். ஆனால் 15 கேஜ் ஆணியில் இரண்டு வெவ்வேறு கோணங்கள் இருக்கின்றன, ஒன்றின் ஆணி மற்றதில் ஓடாது.

ஃபிரேமிங் கன்: 50 முதல் 90 மி.மீ. சட்டம், தாங்கு கட்டை, தரைக்கட்டை, பிளைவுட் உறை. எடை மூன்றரை, நான்கு கிலோ. வீட்டுக்குள் பட்டை அடிக்க இதைக் கொண்டுவராதீர்கள், பலகை இரண்டாகப் பிளக்கும்.

கூரை ஓட்டட்டைக்கான காயில் கன்னில் அகலத் தலை ஆணிகள் சுருளாக ஓடும், பெரும்பாலும் சுருளுக்கு 120. கூரை வேலை இல்லையென்றால் இதை மறந்துவிடலாம்.

உலோக இணைப்புத் தகடுகளை, அதாவது கட்டையைத் தாங்கும் எல் வடிவ, யு வடிவத் தகடுகளை, சாதாரண ஃபிரேமிங் கன்னால் அடிப்பது ஆபத்து. தகட்டின் துளையை ஆணி தவறவிட்டால் தெறித்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. துளையைத் தேடிப் பிடிக்கும் முனையுள்ள தனிக் கன் உண்டு, 38 மி.மீ. அல்லது 64 மி.மீ. கடினப்படுத்திய ஆணி போடும். பத்துப் பன்னிரண்டு தகடுதான் என்றால் சுத்தியலே போதும்.

கான்கிரீட்டுக்குக் காற்றில் இயங்கும் கான்கிரீட் கன், அல்லது தோட்டா வெடித்து ஆணி இறக்கும் கன். இரண்டாவதற்குப் பல நாடுகளில் பயிற்சிச் சான்றிதழோ உரிமமோ தேவை. வாடகைக்கு எடுப்பதற்குள் உங்கள் ஊர் விதியை விசாரித்துவிடுங்கள். அதில் தோட்டாவின் நிறம்தான் அதன் பலம்: சாம்பல், பழுப்பு, பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா என்று வரிசையாகக் கூடும். எப்போதும் மிகக் குறைந்ததில் தொடங்குவார்கள். கான்கிரீட் விளிம்பிலிருந்து குறைந்தது 75 மி.மீ. உள்ளே அடிக்க வேண்டும், கான்கிரீட்டின் தடிமன் ஆணி இறங்கும் ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். துளையுள்ள செங்கல்லில் இந்த வேலையே கூடாது, நொறுங்கும். சுவரில் இருபது இடம்தான் என்றால் ஹேமர் டிரில்லில் துளை போட்டு, பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்குவது மலிவு, பாதுகாப்பும் கூட.

4. கோணத்தைக் கவனியுங்கள்: ஃபிரேமிங் கன்னில் பெரும்பாலானோர் ஏமாறும் இடம்

ஃபிரேமிங் ஆணிகள் வரிசையாகக் கோர்க்கப்பட்டு வருகின்றன. கோர்த்த விதமும் சாய்வும் நான்கு வகை.

21 டிகிரி: பிளாஸ்டிக் பட்டையில் கோர்த்தது, முழு வட்டத் தலை. ஒவ்வொரு அடிக்கும் பிளாஸ்டிக் துணுக்குகள் தெறிக்கும். கண்ணாடி இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

28 டிகிரி: மெல்லிய கம்பியில் பற்றவைத்தது. ஈரத்தைத் தாங்கும்.

30 முதல் 34 டிகிரி: காகிதப் பட்டை. ஆணிகள் நெருக்கமாக இருப்பதால் மேகசின் குட்டையாகி, இரண்டு சட்டங்களுக்கு நடுவே கன் நுழையும். தலையின் ஒரு பக்கம் வெட்டியதும் உண்டு, தலையைச் சற்று விலக்கி வைத்த முழுவட்டமும் உண்டு. காகிதத்தின் பகை ஈரம். திறந்த பெட்டியை வெளியே விட்டால் பட்டை ஊறிப் பிரிந்து, மேகசினில் சிக்கும்.

15 டிகிரி: கம்பியில் கோர்த்த சுருள். ஒரு சுருளில் 200, 300 ஆணி. அடிக்கடி நிரப்பத் தேவையில்லை, ஆனால் கனம் அதிகம்.

வெட்டிய தலை ஆணியைச் சில இடங்களின் கட்டட விதிகள், குறிப்பாகப் புயலும் நிலநடுக்கமும் வரும் பகுதிகளில், ஏற்பதில்லை. விதி தெரியாவிட்டால் முழுவட்டத் தலையே வாங்குங்கள். கோணங்களில் எது சிறந்தது என்று விவாதித்துப் பயனில்லை. உங்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ள கடையில் எந்தக் கோணத்து ஆணி எப்போதும் கிடைக்கிறதோ அந்தக் கோணத்துக் கன்னை வாங்குங்கள். பாதிச் சுவரில் ஆணி தீர்ந்துபோனால், கன் எவ்வளவு நல்லதாக இருந்தும் வேலை நின்றுவிடும்.

5. காற்றா, பேட்டரியா, கேஸா?

காற்று: கன் மலிவு, இலகு, பழுதுபார்ப்பதும் எளிது. ஆனால் கம்ப்ரஸர், ஹோஸ், சத்தம் மூன்றும் கூடவே வரும். பெரும்பாலான கன்கள் 70 முதல் 120 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இயங்கும், அதாவது சுமார் 5 முதல் 8 பார். கம்ப்ரஸரில் தொட்டியின் அளவைவிட, 90 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று தருகிறது என்பதைப் பாருங்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பல நேரம் பம்ப் உறிஞ்சும் அளவுதான், வெளியே தரும் அளவு அதைவிடக் குறைவு. ஃபிரேமிங் கன் ஒரு ஆணிக்கு 2 முதல் 3 லிட்டர் வெளிக்காற்று தின்னும். தனியாக வேலை செய்பவருக்கு 20 லிட்டர் தொட்டியும் 90 பி.எஸ்.ஐ.யில் 2.5 கன அடியும் போதும். பிராட் கன்னுக்கு அதில் பாதிகூட வேண்டாம். டயருக்குக் காற்றடிக்கும் தொட்டியில்லா பம்ப் எதற்கும் ஆகாது.

கம்ப்ரஸர் தொலைவில் இருந்தால் மின்சார வயரை நீட்டாதீர்கள், ஹோஸை நீட்டுங்கள். நீண்ட, மெல்லிய வயரில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் திணறும். ஹோஸின் உள்விட்டம் பட்டை வேலைக்குக் கால் அங்குலம், ஃபிரேமிங்குக்கு 15 மீட்டருக்கு மேல் நீண்டால் எட்டில் மூன்று பங்கு அங்குலம், அதாவது சுமார் 10 மி.மீ.

இணைப்பான் மாட்டும்போது ஒன்றைத் தவறவிடாதீர்கள். கன்னின் பக்கம் வால்வில்லாத ஆண் முனையே இருக்க வேண்டும். வால்வுள்ள பெண் முனை ஹோஸின் பக்கம். மாற்றி மாட்டினால் ஹோஸைக் கழற்றிய பிறகும் கன்னுக்குள் காற்று தங்கி, "கழற்றிவிட்டோம்" என்று நினைத்துச் சிக்கிய ஆணியை எடுக்கும்போது இன்னொரு ஆணி பாயும். ஆக்சிஜன் சிலிண்டரையோ வேறு வாயுவையோ ஒருபோதும் கன்னில் இணைக்காதீர்கள், வெடிக்கும்.

பேட்டரி: ஹோஸ் தொல்லை இல்லை. ஏணி மேல் வேலை, அங்கங்கே நாலு ஆணி என்ற வேலைக்கு இதற்கு இணை இல்லை. ஆனால் கனம் கூடுதல், வன்மரத்தில் சில கன்கள் ஆணியைத் தலை தெரிய நிறுத்திவிடும். ஒரு சார்ஜுக்கு இத்தனை ஆணி என்ற விளம்பரக் கணக்கு மெதுமரத்தில், குட்டை ஆணியில் போட்டது. வீட்டில் டிரில்லுக்கு ஏற்கனவே பேட்டரி இருந்தால் அதே நிறுவனத்தின், அதே வோல்ட் கன்னைப் பாருங்கள். விலையில் பெரும்பகுதி பேட்டரியும் சார்ஜரும்தான்.

கேஸ்: சிறிய எரிவாயுக் குப்பியும் பேட்டரியும் சேர்ந்து இயங்கும். இலகு, வேகம். ஆனால் குப்பிக்குக் காலாவதித் தேதி உண்டு, கடும் குளிரில் மக்கர் செய்யும், எரியறையை அவ்வப்போது துடைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் குப்பியை விடக் கூடாது. வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் எடுப்பவருக்கு இது சரிப்படாது என்பது என் கருத்து.

6. டிரிக்கர்: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

ஏறக்குறைய எல்லாக் கன்னிலும் முனையில் அழுத்தும் பாதுகாப்புத் துண்டு ஒன்றும் விரலுக்கு டிரிக்கர் ஒன்றும் இருக்கும். இரண்டும் எந்த வரிசையில் வேலை செய்கின்றன என்பதே கேள்வி. முழு வரிசை டிரிக்கரில் முதலில் முனையை மரத்தில் அழுத்தி, பிறகு டிரிக்கரை இழுக்க வேண்டும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். தொடுமுறை டிரிக்கரில் விரலை இழுத்தபடியே வைத்துக்கொண்டு முனையால் தட்டத் தட்ட ஆணி பாயும்.

தொடுமுறை வேகமானது. ஆனால் கன் பின்னால் உதைத்துத் திரும்பி மரத்தைத் தொடும்போது கேட்காமலே இரண்டாவது ஆணி போகும். படியிறங்கும்போது விரல் டிரிக்கரில் இருந்து, முனை தொடையில் இடித்தாலும் போகும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்புகளான ஓஷாவும் நியாஷும் 2011இல் கட்டட வேலைக்கென வெளியிட்ட நெயில் கன் வழிகாட்டி முழு வரிசை டிரிக்கரையே பாதுகாப்பானது என்கிறது. புதியவருக்கு வேறு எதுவும் வேண்டாம். இரண்டுக்கும் மாற்றும் சுவிட்ச் இருந்தால் முழு வரிசையில் வைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

கன்னைப் பிடிக்காத கை, ஆணி இறங்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. தள்ளியே இருக்கட்டும். மரத்தின் கணுவில் பட்டால் ஆணி உள்ளேயே வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும், பிடித்திருக்கும் விரல் அங்கேதான் இருக்கும். பிராட் ஆணியின் முனை உளி வடிவம், வளைந்தால் கன்னின் இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பும். ஆகவே பலகை விளிம்பில் அடிக்கும்போது மேகசின் விளிம்பின் நீளத்துக்குக் குறுக்காக இருக்கும்படி பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் வளையும் ஆணி பலகைக்குள்ளேயே நீளவாக்கில் ஓடும், முகப்பைத் துளைக்காது.

கண்ணாடியும் காதடைப்பானும் கன் வாங்கும் அதே நாளில் வாங்கிவிடுங்கள். சில கன்களின் ஓசை ஒரு கணம் 130 டெசிபலைத் தாண்டும்.

7. செலவுக் கணக்கு: வாங்குவதா, வாடகையா?

விலைச்சீட்டில் இருப்பது கன் மட்டும். அதனுடன் ஆணி, ஹோஸ், இணைப்பான்கள், கன் எண்ணெய், கண்ணாடி, காதடைப்பான் ஆகியவற்றைக் கூட்டுங்கள். கம்ப்ரஸர் இல்லையென்றால் அதையும். முதல் கன் காற்றுக் கன்னாக இருந்தால் கூடுதல் செலவெல்லாம் முதல் முறையே வந்துவிடும். அடுத்த கன்கள் மலிவாக அமையும்.

ஆணிக் கணக்குப் போட ஓர் உதாரணம். 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் பிளைவுட்டை 40 செ.மீ. இடைவெளிச் சட்டத்தில் அடிக்கிறீர்கள். ஓரமெல்லாம் 15 செ.மீ.க்கு ஒன்று, நடுச்சட்டங்களில் 30 செ.மீ.க்கு ஒன்று. ஒரு தாளுக்குச் சுமார் 60 ஆணி. பத்துத் தாளுக்கு 600. சிக்கியது, வளைந்தது எல்லாம் சேர்த்துப் பத்து சதவீதம் கூட்டினாலும் 1000 ஆணிப் பெட்டி ஒன்றே போதும். 5000 பெட்டி மலிவு என்று வாங்கி வைத்தால் மீதி துருப்பிடித்துக் கிடக்கும்.

ஃபிரேமிங், கூரை, கான்கிரீட் ஆகியவை ஒருமுறை வேலையென்றால் வாடகையே நல்லது. ஆனால் நாள் வாடகை ஓடும்போது கட்டை அறுத்துக்கொண்டிருக்காதீர்கள். அளந்து, அறுத்து, அடுக்கி வைத்துவிட்டு அதன்பிறகு கன்னை எடுங்கள். ஒரு வாரம் இழுக்கும் வேலை இரண்டு நாள் வாடகையில் முடிந்துவிடும். ஃபினிஷ், பிராட் கன்கள் வீட்டில் திரும்பத் திரும்பத் தேவைப்படும், அவற்றை வாங்கலாம்.

8. பணம் கட்டுமுன் படிக்க வேண்டிய காகிதங்கள்

பயனர் கையேட்டைக் கடையிலேயே கேட்டுப் பிரித்துப் பாருங்கள், அல்லது முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளுங்கள். அதில் ஆணியின் நீளம், விட்டம், கோணம், தலை வகை எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கும். டிரிக்கர் வகை, உச்ச அழுத்தம், எண்ணெய் தேவையா என்பதையும் பாருங்கள். எண்ணெய் தேவையில்லாத கன்னில் எண்ணெய் விட்டால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் கெடலாம். எண்ணெய் தேவைப்படும் கன்னில் தினமும் இரண்டு மூன்று சொட்டு விடாவிட்டால் அவை காய்ந்து கசியும்.

உத்தரவாத அட்டையில் 'தேய்மானப் பாகங்கள் நீங்கலாக' என்ற வரி அநேகமாக இருக்கும். ஆணியை அடிக்கும் பிளேடு, ரப்பர் வளையம், பம்பர், ஸ்பிரிங் எல்லாம் அதில் அடக்கம். கெடுவதும் பெரும்பாலும் அவைதான். ஆகவே உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதோடு, ரப்பர் வளையத் தொகுப்பும் பிளேடும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்தக் கன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

9. திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள்

பெட்டியை வாங்கி மாதக்கணக்கில் வைத்துவிட்டு வேலை நாளில் பிரிப்பது பலருடைய வழக்கம். வாங்கிய வாரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

காற்றை இணைத்து, இணைப்புகளிலும் கன்னின் மூடியிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. அடுத்து, கழிவுக் கட்டை ஒன்றைத் தரையில் வைத்து டிரிக்கரைச் சோதியுங்கள். டிரிக்கரை இழுத்துப் பிடித்துக்கொண்டு முனையை அழுத்துங்கள், ஆணி போகக் கூடாது. முனையை மட்டும் அழுத்துங்கள், போகக் கூடாது. சரியான வரிசையில் ஒன்று அடித்துவிட்டு, முனையை எடுக்காமல் டிரிக்கரை மட்டும் மறுபடி இழுங்கள், அப்போதும் போகக் கூடாது. மூன்றில் ஒன்று பிசகினாலும் அன்றே திருப்பிக் கொடுங்கள்.

பிறகு உங்கள் வேலைக்கான அதே மரத்தில், அதே ஆணியில் முப்பது அடியுங்கள். 80 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, தலை பலகையின் மட்டத்தில் நிற்கும்வரை ஐந்தைந்தாகக் கூட்டுங்கள். நுணுக்கத்தை ஆழத் திருகில் சரிசெய்யுங்கள். பிளைவுட்டில் தலை மேல்தோலை உடைத்துக்கொண்டு உள்ளே போனால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும், ஆகவே மட்டத்தோடு நிறுத்துவது அலங்காரத்துக்காக அல்ல. உச்ச அழுத்தத்திலும் தலை வெளியே நின்றால் கம்ப்ரஸரின் திறன், ஹோஸின் விட்டம், தேய்ந்த பிளேடு என்ற வரிசையில் தேடுங்கள். முப்பதில் இரண்டு, மூன்று முறைக்கு மேல் சிக்கினால் முதலில் ஆணிப் பெட்டியின் கோணத்தையும் கேஜையும் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பொருந்தியும் சிக்கினால் கன்னில்தான் குறை.

சோதனை முடிந்ததும் ஹோஸைக் கழற்றி, மேகசினைக் காலி செய்து, கம்ப்ரஸர் தொட்டியின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். ரசீதை எடுத்து வைக்கும் அதே உறையில், எந்த அழுத்தத்தில் எந்த ஆணி மட்டத்தில் நின்றது என்று ஒரு சீட்டும் எழுதிப் போட்டுவிடுங்கள்.